என் கடிதத்தில் இன்னொருத்தியின் பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் தொடங்கியது இது. நான் கொழும்பில் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர். கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எங்கள் துறையில் அந்த முறை ஒரே ஓர் இடம்தான் இருந்தது. விண்ணப்பங்களை வாசித்துப் புள்ளி போடும் மூவரில் நானும் ஒருத்தி. பொல்லாத கண்டிப்புக்காரி என்று எனக்குப் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எட்டாவது விண்ணப்பம் கொழும்பு முகத்துவாரத்துப் பெண் ஒருத்தியுடையது. பெறுபேறுகள் திறம். ஆனால் முதுமாணிப் பட்ட ஆய்வுக் கட்டுரை ஆறு மாதம் பிந்தியிருந்தது. ஏன் என்று பார்க்கப் பரிந்துரைக் கடிதத்தைத் திறந்தேன். "தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, முழங்காலில் தாளை வைத்து இவர் தன் ஆய்வை எழுதி முடித்தார்."

அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். அது நான் எழுதிய வசனம். சொல்லுக்குச் சொல் என்னுடையது!

பதினைந்து வருடங்களுக்கு முன் நான் விண்ணப்பித்தபோது, இந்தக் கடிதத்தில் கையொப்பமிட்டிருந்த இதே பேராசிரியரிடம்தான் கடிதம் கேட்டேன். "நீங்களே எழுதிக்கொண்டு வாங்கோ பிள்ளை, நான் சைன் வைக்கிறன்" என்றார். இங்கே அது சர்வசாதாரணம். என் கட்டுரையும் பிந்தித்தான் இருந்தது. உண்மைக் காரணம் என் சோம்பல். அதை எழுத முடியுமா? கல்லுப் போலத் திடமாக இருந்த அம்மாவைக் கடிதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கப் போட்டேன். எனக்கு இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தையே மறந்துபோனேன்.

முன்னறையில் அம்மா இருமியது கேட்டது. ஒருநாளும் இல்லாதவாறு ஓடிப்போய்ப் பார்த்தேன். "என்னடி, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்?" என்று கேட்டார்.

பயம் இறங்க, ஆத்திரம் ஏறியது. என் பொய்யை அப்படியே களவெடுத்திருக்கிறாளே! புள்ளியைக் குறைத்தேன். "கடிதம் பிரதி பண்ணப்பட்டது, நம்ப வேண்டாம்" என்று மற்ற இருவருக்கும் எழுதி அனுப்பினேன். எனக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் எழுதவில்லை.

நேர்முகத் தேர்வில் அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று அந்தக் கட்டிலைப் பற்றி நானே கேட்டேன். அவள் தடுமாறவில்லை. யன்னலோரம் கடைசிக் கட்டில், சாரல் அடித்தால் தாள்கள் நனைந்துவிடும் என்றாள். பக்கத்துக் கட்டில் பெண் எந்நேரமும் முனகுவாராம். முனகல் நிற்கும்போதுதான் பயமாக இருக்கும் என்றாள். எனக்குப் புல்லரித்தது, ஏனென்றால் அந்தக் கட்டில் நான் இட்டுக்கட்டிய, உலகத்திலேயே இல்லாத கட்டில்.

தேநீர் இடைவேளையில், வெளியே வாங்குப் பலகையில் இருந்தவளிடம் போனேன். "அந்தக் கடிதத்தை ஆர் எழுதினது?"

"உண்மையைச் சொல்லுறன் மெடம். சேர் பேர் வெட்டின ஒரு பழைய கடிதத்தைத் தந்து, என்ட பேரைப் போட்டு விசயத்தை மாத்திக்கொண்டு வரச் சொன்னவர். எல்லாம் மாத்தினன். அந்த ஒரு வரியில மாத்த ஒண்டுமே இருக்கேல்ல. யாரோ எனக்குப் பின்னால நிண்டு பாத்து எழுதின மாதிரிக் கிடந்தது." பிறகு சொன்னாள்: "முதல் எழுதின அக்காட அம்மா தப்பிட்டாவா, தெரியேல்ல. எங்கட அம்மா தப்பேல்ல. கொட்டாஞ்சேனையில கோயிலுக்குப் போகேக்க அந்த அம்மாவுக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி கொளுத்துறனான்."

நான் உள்ளே போனேன். கதவைச் சாத்திவிட்டு, அந்த வசனம் என்னுடையது, நான் எழுதியது பச்சைப் பொய், அவள் வைத்திருப்பது உண்மை என்று மற்ற இருவரிடமும் சொன்னேன். வெட்கத்தில் செத்துப் போனேன். எங்கள் மூவரில் தலைவியான அம்மையார் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் புள்ளியை வெட்டிவிட்டு, புதிதாகப் போடும்படி தாளை என் பக்கம் தள்ளினார். இடம் அவளுக்குத்தான் கிடைத்தது.

இன்று அவள் என் அறைக்கு இரண்டு கதவு தள்ளி வேலை செய்கிறாள். எழுதியது நான்தான் என்று அவளிடம் சொல்ல இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. நோய் வருத்தம் என்று ஒருநாளும் படுத்திராத என் அம்மாவுக்காக, பெற்ற தாயைப் பறிகொடுத்த பிள்ளை மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கும்போதெல்லாம், என் பெயருக்கு முன்னால் நிற்கும் 'கலாநிதி' என்ற சொல்லைப் பார்க்க எனக்குக் கூசுகிறது.