கவசத்துக்கு உள்ளே போடும் சட்டை

என் வீட்டுக்காரர் மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பேக்டரியில் பிட்டராக இருந்தார். ரோலர், ட்ரையர், பெல்ட்டு, எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் கோட்டர்ஸ் முன்னறையில் தையல் மிஷின் போட்டு, லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. சாயங்காலம் வந்ததும் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தார் என்று சொல்வார். "நீ என்ன சொல்லுத?" என்று கேட்பார். எனக்கு மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஏதாவது சொல்வேன், அவர் அதையும் யோசித்துப் பார்ப்பார். நாளில் அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்த நேரம்.

துரை பங்களாவில் வெந்நீர்க் குழாய் பழுதாகி இவரைக் கூட்டிப்போனார்கள். அப்போது எங்கள் எஸ்டேட்டில் இன்னும் வெள்ளைக்காரர்தான் மேனேஜர். பங்களா நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் தொங்கியது. துரையின் ஊர் சர்ச்சில், ஒரு பழைய காலத்து வீரனைப் புதைத்த இடத்தின் மேல் பித்தளைத் தகட்டில் அவன் உருவத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்களாம். காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிள்ளைகள் எடுப்பதுபோல, துரையின் அம்மா அந்தத் தகட்டின் மேல் தாளை விரித்துக் கறுப்பு மெழுகு தேய்த்து எடுத்த படமாம் அது. தலையிலிருந்து பாதம்வரை அந்த ஆளுக்கு இரும்புத் தகடு.

குழாயைச் சரிசெய்து முடித்தும் இவர் கிளம்பவில்லை. இப்படித் தகட்டைப் போட்டால் முழங்கை எப்படி மடங்கும் என்று துரையிடம் கேட்டிருக்கிறார். துரைக்கும் தெரியவில்லை. இந்த மாதிரிக் கவசங்களை வைத்திருக்கிற மியூசியம் ஒன்று அவர் நாட்டில் இருக்கிறது, எழுதிக் கேள் என்று விலாசம் கொடுத்தார். படத்தை நகல் எடுத்துக்கொள்ளவும் விட்டார். தேயிலைப் பெட்டிக்குள் வைக்கிற தாளை ஒட்டி நீளமாக்கி, இவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கோடு கோடாக எடுத்துவந்தார். எங்கள் முன்னறைச் சுவரில் அது ஏறியது. நான் தைத்த ரவிக்கைகளைத் தொங்கவிட்டிருந்த கொடியைக் கழற்றிச் சமையலறையில் கட்டிக்கொண்டேன்.

அதுபோல ஒன்றைத் தானே அடித்துப் பார்ப்பது என்று இவர் முடிவு செய்துவிட்டார். எழுதிக் கேட்க இங்கிலீஷ் வேண்டும். இவருக்கு மிஷின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கிற அளவுக்குத்தான் தெரியும். எனக்கு அதுவும் இல்லை. எஸ்டேட் ஆபீசில் ஒரு டைப்பிஸ்ட் இருந்தாள். பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து வந்தவள், ஹெட் கிளார்க்கின் தங்கை. எனக்கு நாலைந்து வயது இளையவள், மெலிந்து, கண்ணாடி போட்டு, குரலை உயர்த்தாமல் பேசுவாள். அவள்தான் கடிதம் அடித்துக் கொடுத்தாள். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்ததும் அவள்தான் படித்து அர்த்தம் சொன்னாள்.

பதிலில் இருந்தது இவருக்கு வேதவாக்காகிவிட்டது. கல்லறை உருவம், அந்தக் காலத்துச் சித்திரம், அழியாமல் மிஞ்சிய கவசத் துண்டு, இந்த மூன்றில் ஒன்றிலாவது இருப்பதைத்தான் செய்ய வேண்டும், சௌகரியத்துக்காக நீங்களாக ஒன்றைச் சேர்க்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு முழங்கைத் தகட்டின் போட்டோ, உள்பக்கம் தெரிகிற மாதிரி. சின்னச் சின்னத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ரிவெட் ஆணியில் தளர்வாக ஆடும்படி இருந்தது. பேக்டரியில் கழித்துப்போட்ட ட்ரையர் தகட்டைக் கேட்டு வாங்கிவந்து பின்வாசலில் அடிக்க ஆரம்பித்தார். மூன்றாவதாக அடித்த முழங்கைத் தகடு சரியாக மடங்கியது. அவர் எழுந்து ஆபீசுக்கு, அவளிடம் சொல்லத்தான் ஓடினார். நான் சமையலறையில் இருந்தேன், பத்தடி தூரத்தில்.

அதற்குப்பிறகு ஸ்டூல் என் மிஷின் பக்கம் வரவே இல்லை. பேக்டரி விட்டதும் ஆபீஸ், அங்கிருந்து பின்வாசல். ஞாயிற்றுக்கிழமை அவளும் அண்ணனும் வருவார்கள். அண்ணன் பத்து நிமிஷத்தில் சலித்துப்போய்விடுவார், அவள் இருப்பாள். 'டைப்பிஸ்டம்மா சொன்னாங்க' என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார் என்று எண்ண ஆரம்பித்தேன். ஒரு நாள் பதினொன்று வந்தது. அதற்குப்பின் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஜன்னலோரம் நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பேசியதெல்லாம் ரிவெட்டும் தோல்வாரும்தான். மார்பு நடுவில் தகடு கனமாகவும் விலாப்பக்கம் மெல்லிசாகவும் இருக்குமாம், அதைப் பற்றி ஒரு மணி நேரம். வேறு ஏதாவது பேசியிருந்தால்கூட எனக்குச் சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும். என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த 'நீ என்ன சொல்லுத'வை இப்போது 'நீங்க என்ன சொல்லுதீங்க' என்று அவளிடம் கேட்டார். அதற்கு என்ன சண்டை போட முடியும்?

பங்குனிக்குள் மார்புத்தகடு, தோள், இரண்டு கை, தொடை எல்லாம் தயார். போட்டுப் பார்த்தார். கை மார்பு உயரத்துக்கு மேல் ஏறவில்லை. கைத்தகட்டைத் தோள்தகட்டோடு போல்ட்டு வைத்து மாட்டியிருந்தார், அது இடித்தது. கைத்தகட்டை எதில் தொங்கவிட்டார்கள் என்று கேட்டு மறுபடி கடிதம் போனது. பதில் வர வேண்டிய சமயத்தில் அவள் சொந்தக்காரர் கல்யாணத்துக்காக மூன்று வாரம் ஊருக்குப் போனாள்.

பதில் அவள் இல்லாதபோது வந்தது. ஆபீஸ் பியூன் நேராக வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இவர் பேக்டரியில். உறை சரியாக ஒட்டாமல் இருந்தது, அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இரண்டு தாள். ஒன்று முழுக்க எழுத்து. இன்னொன்றில் ஒரு சட்டைப் படம், அதன் கீழே மூன்று வரி.

தையல்காரிக்குச் சட்டைப் படத்தை யாரும் படித்துச் சொல்ல வேண்டாம். உள்ளே பஞ்சு வைத்து வரிவரியாகத் தையல் ஓட்டிய கனத்த சட்டை. தோளிலும் கையிலும் இடுப்பிலும் ஜோடி ஜோடியாக ஓட்டை, அதில் நாடா. நாடாவின் முனையில் ஷூ லேசுக்கு இருப்பதுபோலத் தகர மூக்கு. நிமிர்ந்து சுவர்ப் படத்தைப் பார்த்தேன். வீரனின் தோளில் இரண்டு சின்ன வால்போல ஏதோ தொங்கியது. அலங்காரம் என்று இவரும் டைப்பிஸ்டும் விட்டிருந்தார்கள். அது நாடா. கைத்தகடு தோள்தகட்டில் தொங்கவில்லை, சட்டையில் கட்டியிருக்கிறது. சட்டை கையோடு நகர்ந்தால் தகடும் நகரும்.

கடிதத்தை அவரிடம் கொடுத்திருக்க வேண்டும். மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தேன். தபால் வந்ததா என்று அன்று சாயங்காலம் கேட்டார். இல்லை என்றேன். மறுநாளும் கேட்டார்.

இரண்டு வாரம் பகலில் தைத்தேன். வெளியே காடாத் துணி, உள்ளே பழைய மெத்தைப் பஞ்சு. ஊசி இரண்டு தடவை ஒடிந்தது. ஓட்டை ஒவ்வொன்றுக்கும் கையால் காஜா எடுத்தேன். முடிந்ததும் அவர் முன்னால் வைத்து, கைத்தகட்டை இதில் கட்டிப் பாருங்கள் என்றேன்.

"இதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். மியூசியம்காரர்கள் சொல்லிக்கொடுத்த கேள்வி.

சுவர்ப் படத்தில் தோளிலிருந்த இரண்டு வாலைக் காட்டினேன். "இது நாடா. உள்ள துணி இல்லாம எவனும் நாடா கட்ட மாட்டான்."

அவர் கிட்டப்போய் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போல்ட்டைக் கழற்றினார். சட்டையைப் போட்டு, கைத்தகட்டைக் கட்டி, தோள்தகட்டை மேலே மாட்டினேன். கையைத் தூக்கினார். தலைக்கு மேல் போனது. அவர் இரண்டு கையையும் தூக்கியபடி பின்வாசலில் நின்று சிரித்தார். "எப்படிட்டி இது உனக்குத் தோணுச்சு?" என்று கேட்டார். அன்றைக்கு ஸ்டூல் என் மிஷின் பக்கத்தில் வந்தது.

அவர் அதைப் பேக்டரி முழுக்கச் சொன்னார். ஊரிலிருந்து திரும்பிய டைப்பிஸ்டிடமும் போய்ச் சொன்னார். அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று அவரிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க என்றார். எனக்கு அது போதவில்லை.

அடுத்த மாதம் மியூசியத்திலிருந்து இன்னொரு கடிதம். அதை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவள் படித்தாள். ஒரு வரி இங்கிலீஷ், ஒரு வரி தமிழ் என்று படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். தாளிலிருந்து கண்ணை எடுத்துச் சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வரியைத் தாண்டி அதற்குக் கீழே இருந்ததைப் படித்தாள். இவர் கவனிக்கவில்லை. இவள் எனக்குப் பிச்சை போடுகிறாள் என்று தோன்றியது. முன்பைவிட அவள்மேல் எரிச்சல் கூடியது.

அதற்குள் வேறொரு தொந்தரவு வந்திருந்தது. எல்லாவற்றையும் மாட்டி அரை மணி நடந்தால் அவருக்குத் தோள் இறுகி, விரல்கள் மரத்துப்போயின. மார்புத்தகடு கனம் அதிகம், அதனால்தான் என்று முடிவு செய்தார். மூன்று மாதம் அடித்த தகட்டின் மேல் சாக்பீசால் கோடு போட்டு, ஓரங்களை வெட்டப்போவதாகச் சொன்னார். சட்டைப் படத்துக்குக் கீழே இருந்த மூன்று வரிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

மறுநாள் பகலில் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஹெட் கிளார்க் கோட்டர்சுக்குப் போனேன். அவள் சாப்பிட வந்திருந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்கோ அக்கா, உள்ளே வாங்கோ" என்றாள். நான் உட்காரவில்லை. கடிதத்தை நீட்டினேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. மூன்று வரியையும் படித்து, மெதுவாகத் தமிழில் சொன்னாள். சட்டை இடுப்பில் மூச்சு முட்டாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். தொடைத்தகட்டின் பாரம் இடுப்பு எலும்பில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் தோளில் தொங்கி, கை மரத்துப்போகும். நான் லயத்து ஆண்களுக்குத் தைக்கிற அரைக்கைச் சட்டைபோல நேராக விட்டிருந்தேன்.

"நீங்க ஏன் அன்னிக்கு அந்த வரியப் படிக்கல?" என்று கேட்டேன்.

"சட்டைப் படம் அனுப்பினோமே, வந்ததான்னு மியூசியத்துக்காரா எழுதியிருந்தா. அதைப் படிச்சா, படம் எங்கேன்னு அவர் என்னைப் பார்த்துக் கேட்பார். உங்களைன்னா கேக்கணும்?" என்றாள். கடிதத்தை மடித்துக்கொண்டே, "அந்த நாடாவை நாங்க ரெண்டு பேரும் ஆறு மாசமாப் பார்த்திண்டிருந்தோம். ஒண்ணும் தெரியலை" என்றாள்.

நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் தகடு வெட்டுகிற கத்திரியை எடுப்பதற்கு முன்னால் கடிதத்தை மார்புத்தகட்டின் மேல் வைத்தேன். உறையின் மேலிருந்த முத்திரையைப் பார்த்தார்.

"எப்ப வந்தது?"

"சித்திரை கடைசியில."

படத்தைப் பிரித்துப் பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் தினம் தினம் கேட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

எட்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு, தண்ணி, அவ்வளவுதான். அந்த எட்டு நாளும் ஆபீசுக்கும் போகவில்லை, அதையும் நான் கவனித்தேன். ஒன்பதாம் நாள் பனியனோடு என் மிஷின் முன்னால் வந்து நின்று, கையை விரித்துக்கொண்டு, "இடுப்ப அளந்துக்க" என்றார். அளந்தேன். டேப்பை அவர் முதுகைச் சுற்றி இரண்டு தடவை கொண்டுவந்து, அளவைச் சாக்பீசால் மிஷின் பலகையில் எழுதினேன்.

சட்டையைப் பிரித்து இடுப்பைப் பிடித்து, இடுப்பு எலும்புக்கு மேல் ஒரு பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்தேன். தகடு எதையும் வெட்டவில்லை. அவர் ஒரு மணி நேரம் பேக்டரி முற்றத்தில் நடந்தார், குனிந்தார், படியேறினார். விரல் மரக்கவில்லை. துரை வந்து பார்த்து போட்டோ எடுத்தார். இவர் தன் அரைகுறை இங்கிலீஷில் மார்புத்தகட்டைத் தட்டி 'மீ' என்றார், சட்டையை இழுத்துக் காட்டி 'வைஃப்' என்றார். பிறகு ஆபீஸ் பக்கம் கையைக் காட்டி 'லெட்டர், டைப்பிஸ்ட்' என்றார். மூன்றும் நியாயம்தான். மூன்றாவது எனக்குக் குத்தியது.

அந்த வருஷமே அவளுக்குப் பம்பாயில் மாப்பிள்ளை அமைந்து, அவள் அங்கே போய்விட்டாள். போகிறதுக்கு முன்னால் சொல்லிக்கொள்ள வந்தாள். ஒரு ரவிக்கைத் துணியைக் கொடுத்து, தைத்துத் தர முடியுமா என்றாள். இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தேன். என் தையலில் அதைப்போல நேர்த்தியாக வேறெதுவும் வந்ததில்லை. ஏன் அப்படித் தைத்தேன் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

போட்டோவை மியூசியத்துக்கு அனுப்பியிருந்தோம். பதில் அவள் போன பிறகு வந்தது. ஆபீசில் புதிதாக வந்த கிளார்க், நின்றுகொண்டே, மஸ்டரில் ஆள் பேர் வாசிக்கிற வேகத்தில் படித்துச் சொன்னார். கவசத்தைப் பாராட்டி நாலு வரி. சட்டை தைத்தவர் யாரோ, அவர் வெட்டிய அளவுத் தாளை அனுப்ப முடியுமா, தாங்கள் தைத்தது இடுப்பில் இப்படி உட்காரவில்லை என்று இரண்டு வரி. இதை அவள் படித்திருந்தால் அந்த இரண்டு வரியில் நிறுத்தி என்னைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். அவளை அப்படித் தேடியது எனக்கே பிடிக்கவில்லை.

பழைய செய்தித்தாளில் அளவு வெட்டினேன். உறையின் மேல் விலாசத்தையும் நானே எழுதுவேன் என்றேன். அவர்கள் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படம் போடுவதுபோல எழுதினேன். ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்து திரும்பி நிற்கிறது, ஆனாலும் போய்ச் சேரும் என்றார்.