அண்ணாச்சி கடைத் தராசும் ஃபைனலைஸரும்

நகையைத் தட்டில் வைத்ததும் "பீப்" என்று ஒரு சத்தம் வரும். தி.நகரில் அண்ணாச்சியின் நகைக்கடையில் அந்தச் சத்தம் வந்தால்தான் எங்களுக்கு மூச்சு வரும்...

அப்போது தேனாம்பேட்டையில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். நான், செந்தில், ஃபர்ஸானா. அண்ணாச்சிதான் முதல் கஸ்டமர். எலக்ட்ரானிக் தராசு காட்டும் எடையை நேராக பில்லில் ஏற்றும் ஜாவா புரோகிராம் எங்களுடையது. தராசோடு பேசுவது மட்டும் சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி.

வாரத்துக்கு ஒருமுறை, கூட்ட நேரமாகப் பார்த்து, பீப்பும் வராது, பில்லில் எடையும் ஏறாது. ஓடிப்போய் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

"மெமரி பத்தல மச்சி" என்று செந்தில் ரேமை இரட்டிப்பாக்கினான்.

அதற்குப் பிறகு தினமும் நின்றது!

"வெள்ளிக்கெழம முகூர்த்தக் கூட்டம். அன்னைக்கும் நின்னுச்சுன்னா பொட்டியத் தூக்கிட்டுப் போயிருங்க தம்பி" என்றார் அண்ணாச்சி. அவர் போனால் ஆபீஸையே மூட வேண்டியதுதான். பயந்துதான் போனோம்.

அன்று மதியம் ஃபர்ஸானா தால்ச்சா சோற்றைத் தொடாமல் செந்தில் எழுதிய புரோகிராமைப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"டேய், தராசு கனெக்‌ஷன எங்கடா மூடுற?"

"finalize()ல. மெமரியில வேண்டாதத அள்ள ஜாவாவோட கார்பேஜ் கலெக்டர் வந்தா தானா மூடிக்கும்."

"தொட்டி ரொம்பினாதான குப்பை வண்டி வரும்? நீ தொட்டிய பெருசாக்கிட்ட. வண்டி இன்னும் லேட்டா வருது. அதுக்குள்ள கனெக்‌ஷன் எல்லாம் தீர்ந்துபூடுது!"

விஷயம் அதேதான். ஒவ்வொரு எடைக்கும் திறந்த கனெக்‌ஷன்கள் மூடாமலே குவிந்திருந்தன. ஜாவா கணக்கில் அவை இத்தனூண்டு ஆப்ஜெக்ட்கள். சி பக்கம்தான் நிரம்பி வழிந்தது. try-with-resources போட்டு, எடை வந்த கையோடு close() ஆகும்படி மாற்றினோம். எங்காவது விட்டுப்போனால் பிடித்துக்கொள்ள மட்டும் பின்னால் ஒரு கிளீனர்.

வெள்ளிக்கிழமை முழுக்க மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடிக்கவே இல்லை...

இன்று finalize() எழுதினால், கூடாது என்று எடிட்டரே குறுக்கே கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. செந்தில் அடையாறில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறான். ஃபர்ஸானா துபாயில். அந்த மாடி அறையில் இப்போது யாரோ பிசியோதெரபி நடத்துகிறார்கள்.

போன வாரம் தி.நகர் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அதே பீப். அண்ணாச்சி அடையாளம் கண்டுகொண்டு டீ வரவழைத்தார்.

"முன்னெல்லாம் வாரம் ஒருக்கா மூணு பேரும் வந்து டீ குடிச்சிட்டுப் போவீய. இப்ப தராசு நிக்கவே மாட்டேங்கு... நீங்களும் வர மாட்டேங்கீய."