வாய்க்குள் ஒரு மோட்டார்

என் வீட்டுக்காரருக்கு மதுரையில் ஆபரேஷன் செய்து நெஞ்சுக்குள் உலோக வால்வு வைத்த பிறகு, நான் பயப்படாமல் கழித்த நாள் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. மிக்சியும் டிவியும் ஓடாமல் வீடு சும்மா இருக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வால்வின் சத்தம் கேட்கும். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்த மாதிரி டிக், டிக். வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கோ அடுத்த டிக் வருமா வராதா என்று காத்திருப்பதே ஒரு வேலை. அதற்காகவே டிவியைச் சத்தமாக வைத்துவிடுவேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை, ஆயுசுக்கும் போட வேண்டும், அதனால் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும். அதோடு விட்டாரா? பல்லுக்கு வந்தார். "ஈறு புண்ணாகாம பாத்துக்கங்க. அங்க இருக்கிற கிருமி ரத்தத்துல இறங்கி வால்வுல போய் உட்கார்ந்துக்கும். அப்புறம் ஆளைக் காப்பாத்துறது கஷ்டம்." மனுஷன் இதைச் சிரித்த முகத்தோடு சொன்னார். மில்லில் காலமெல்லாம் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்தவருக்கு நுரையீரலில்தான் ஏதாவது வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். பல்லில் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

அவர் பல் விளக்குவது ரோஸ் நிறப் பல்பொடியில். உள்ளங்கையில் கொட்டி, ஆட்காட்டி விரலால் கரி பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல் தேய்ப்பார். துப்பினால் வாஷ்பேசின் சிவந்து கிடக்கும். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதே பொடிதான், அதே சிவப்புதான். நானும் பொடியின் நிறம் என்று தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு பல் டாக்டர் அம்மா இருக்கிறார். எங்கள் ராஜபாளையத்தில் இல்லாத பல் டாக்டரா என்று கேட்காதவர்கள் கிடையாது. இருக்கிறார்கள், தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் இந்த அம்மா அதட்டுவார். என் வீட்டுக்காரருக்கு அதட்டுகிற டாக்டர்தான் சரிப்படும். டாக்டர் அம்மா பல்பொடிக் கதையைக் கேட்டுவிட்டு, "பொடியெல்லாம் வேண்டாம். வெறும் விரலால இப்ப தேச்சுத் துப்புங்க பாப்போம்" என்றார். இவர் தேய்த்தார், துப்பினார். வெள்ளைப் பேசினில் அதே சிவப்பு.

"இது பொடி இல்லம்மா, ரத்தம். எம்புட்டு நாளா வருதோ" என்றார் டாக்டர் அம்மா.

நான் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க வெள்ளைத் துணியைச் சுருட்டிக் கவரில் போடுகிறேன். அது யார் காயத்தில் போய் நனையப் போகிறது என்று யோசித்தால் மத்தியானச் சோறு இறங்காது, அதனால் யோசிக்காமலே பழகிவிட்டேன். அன்றைக்கு அந்த வெள்ளைப் பேசினைப் பார்த்தபோது அந்தப் பழக்கம் உதவவில்லை.

"விரலே கூடாது. சாதா பிரஷ்ஷைக் குடுத்தாலும் இவரு அதை வச்சு ஈறைக் கிழிச்சிருவாரு. ஒரு மோட்டார் பிரஷ் வாங்குங்க. பல்லுல சும்மா வச்சிருந்தாப் போதும், அதுவே தேய்க்கும்."

"கரண்டுலயா டாக்டர்? அவிய நெஞ்சுக்குள்ள இரும்பு இருக்கே!"

டாக்டர் அம்மாவுக்குச் சிரிப்பு. ஆனாலும் என் கண்ணெதிரிலேயே மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டார். பேஸ்மேக்கர் வைத்தவர்கள்தான் கேட்டுக்கொண்டு வாங்க வேண்டுமாம், வால்வை அது ஒன்றும் செய்யாதாம். "விலை கூடினதெல்லாம் வேண்டாம்மா. முடி மெதுவா இருக்கணும். தலையை மட்டும் தனியா வாங்கி மாட்டுற மாதிரி இருக்கணும், மூணு மாசத்துக்கு ஒருக்க மாத்தணும்லா. ரொம்ப அமுக்கினா நின்னுரணும். மிச்சமெல்லாம் கடைக்காரன் சொல்ற கதை" என்றார்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஆன்லைனில் போடுகிறேன் என்றாள். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். கெட்டுப்போனால் யார் சட்டையைப் பிடிப்பது? பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நானே போனேன். கடைக்காரத் தம்பி மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது பேட்டரி செல் போடுவது, விலை குறைவு. அந்தக் கதை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் ஒருத்தி வாங்கி, உள்ளே தண்ணீர் இறங்கி, ஸ்பிரிங் துருப்பிடித்து, குப்பையில் போட்டாள். கடைசியில் இருந்தது என் ஒரு மாசச் சம்பளத்தில் பெரும் பங்கைக் கேட்டது.

"இது செல்போன்ல கனெக்ட் ஆகும்க்கா. வீட்ல ஒழுங்கா பல் விளக்குதாங்களான்னு நீங்க போன்லயே பாத்துக்கலாம்" என்றார் தம்பி.

"ஏன், எனக்குக் காது இல்லையா? மோட்டார் ஓடுதா நிக்கான்னு அடுப்படில இருந்தே தெரியாதாக்கும்" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நடுவில் இருந்ததைத்தான் எடுத்தேன். உள்ளேயே பேட்டரி, ஒயர் சொருகிச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், ரெண்டு வருஷம் கேரண்டி. மாற்றுத் தலை அந்தக் கடையிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். ஓடவிட்டு என் உள்ளங்கையில் அமுக்கிப் பார்த்தேன், மூச்சுத் திணறி நின்றது. அமுக்கினால் நிற்கிறது! முடியை நகத்தால் வளைத்து வளைத்துப் பார்த்தேன், நிமிர்ந்துகொண்டது. புடவை எடுக்கக்கூட நான் இவ்வளவு நேரம் நின்றது கிடையாது. "அக்கா, மாப்பிள்ளை பாக்கியளா, பிரஷ் பாக்கியளா?" என்று தம்பி அலுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, காலில் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் சார்ஜ் போட்டேன். அவர் வாயில் வைப்பதற்கு முன்னால் என் வாயில் வைத்துப் பார்த்தேன். ஷாக் அடிப்பதாக இருந்தால் எனக்கு அடித்துவிட்டுப் போகட்டும். ஷாக் இல்லை. மண்டையோடு கிடுகிடுவென்று ஆடியதுதான் மிச்சம்.

"ஏட்டி, மில்லை விட்டு வந்து உக்காந்தாச்சு. இப்ப வாய்க்குள்ள மில்லை ஓட்டச் சொல்லுத" என்றார் அவர். சொல்லிவிட்டு பிரஷ்ஷோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றால் அவருக்குக் கூச்சமாம்.

அன்றிலிருந்து காலையில் எனக்கு அந்தச் சத்தம்தான் சுப்ரபாதம். ஙொய்ங் என்று ஓடும், நடுநடுவே ஒரு விக்கல் விக்கும், பக்கம் மாற்றச் சொல்லுகிற விக்கல், பிறகு தானாக நிற்கும். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். நின்றதும் அப்பாடா என்று இருக்கும். அவர் வாய்விட்டுச் சிரிக்கவும் மாட்டார், ஆ என்று வாயைக் காட்டவும் மாட்டார், கேட்டால் "சின்னப் பிள்ளையா நான்" என்பார். நானும் பிரஷ்ஷை எடுத்துப் பார்ப்பதோடு விட்டுவிட்டேன். வாரங்கள் போயும் ஒரு முடி வளையவில்லை. கடையில் பார்த்த கோலத்தில் அப்படியே இருந்தது. கம்பெனியில் இதைச் சொல்லி அலட்டினேன். "சாமான்னா இது சாமான். பாத்து வாங்கணும்லா" என்று செல் பேட்டரிக்காரியிடம் ஒரு குத்தும் குத்தினேன்.

மூன்று மாசம் ஆனதும் டாக்டர் அம்மா வரச்சொல்லியிருந்தார். காலையில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் கை சுட்டது. "வெயில்லா" என்றார். ஜன்னல் சீட் அவருக்கு என்றாலும் வெயில் என் மேலும்தான் அடித்தது, என் கை சுடவில்லையே. முதல்நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மதுரை டாக்டர் காய்ச்சலைப் பற்றித் தனியாக எச்சரித்து அனுப்பியிருந்தார். கிருமி வால்வில் உட்கார்ந்தால் முதலில் காய்ச்சல்தான் வருமாம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை அவர் கையை நான் விடவே இல்லை.

ஆனாலும் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். டாக்டர் அம்மாவிடம் காய்ச்சலைச் சொன்ன கையோடு பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து நீட்டினேன். தலையை மாற்றாமல் மிச்சம் பிடிக்கலாம் என்ற நப்பாசை. "பாருங்க டாக்டர், ஒரு முடி வளையல. மாத்தணுமா?"

அவர் அதை விளக்குக்கு அடியில் பிடித்துக் கட்டைவிரலால் வருடினார். அப்புறம் என் வீட்டுக்காரரின் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். ஓரத்தில் ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது எனக்கே தெரிந்தது.

"இதை வச்சு யாரு பல் தேச்சா?"

"அவியதான்."

"தேச்சா வளையும்மா. எம்புட்டு நல்ல பிரஷ்ஷா இருந்தாலும் மூணு மாசத்துல வளையும். இது பல்லுல பட்டதே இல்ல."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அம்மா அதட்டவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "மதுரைக்குப் போங்க. பஸ் வேண்டாம், கார் பிடிச்சு இப்பவே போங்க. நான் போன்ல சொல்லிடுதேன்" என்றார்.

காரில் ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். வெளிச் சத்தம் எதுவும் இல்லை. டிக், டிக். வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

"மொத நாளே ரத்தம் வந்துச்சு" என்றார் அவர், நான் கேட்காமலே. "பொடியில தெரியாது. இது பேஸ்ட்டு, வெள்ள நுரை, இல்ல? செக்கச்செவேல்னு வருது. நிக்க மாட்டாத ரத்தம்னு டாக்டர் சொன்னாருல்லா? எனக்குத் தலை சுத்திட்டு. பொறவு வாய்ல வைக்கவே தைரியம் வரல. உப்புத் தண்ணியில கொப்புளிச்சிட்டு வந்துருவேன்."

"அப்ப தினமும் சத்தம் கேட்டுச்சே?"

"ஆன் பண்ணிக் கையில பிடிச்சிட்டு நிப்பேன். சத்தம் கேக்கலேன்னா நீ பயந்துருவேல்லா."

ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. "அட பாவி மனுசா, நான் பயந்துருவேன்னு என் தாலியோட விளையாடினீங்களா?" என்று கத்திவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதுரையில் ரத்தம் எடுத்துப் பாட்டில் பாட்டிலாக அனுப்பினார்கள். கிருமி வளர்கிறதா என்று பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டுமாம். வார்டு வாசலில் வெள்ளைக் கோட்டு தெரியும்போதெல்லாம் எழுந்து நிற்பேன், அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் உட்காருவேன். மகள் வந்து சாப்பிடச் சொல்லிச் சண்டை போட்டாள். இந்த மனுஷன் போய்விட்டால் காலையில் யாருக்கு இட்லி ஊற்றுவது என்பதுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. பெரிய துக்கமாக ஒன்றும் நினைக்க வரவில்லை, இட்லிதான் வந்தது.

கடைசியில் சொன்னார்கள், ரத்தத்தில் கிருமி வளரவில்லை. வால்வு தப்பித்தது. கிருமி ஈறோடு நின்றுவிட்டிருந்தது, காய்ச்சலும் அதனால் வந்ததுதான். ஊசி போட்டு, சீழை எடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது டாக்டர் அம்மா பிரஷ்ஷில் புதுத் தலை ஒன்றை மாட்டி என் கையில் கொடுத்தார், இவர் கையில் அல்ல. "மொத கொஞ்ச நாளைக்குக் கொஞ்சமா ரத்தம் வரத்தான் செய்யும். அதைப் பாத்து விட்டுட்டா மறுபடியும் இதே கதைதான். தேய்க்கத் தேய்க்கத்தான் ஈறு இறுகி ரத்தம் நிக்கும். நிக்காம ஒழுகினா உடனே போன் போடுங்க" என்றார்.

மறுநாள் காலையில் கொல்லைப்புறம் பிளாஸ்டிக் சேரைப் போட்டு அவரை உட்காரவைத்தேன். தோளில் துண்டைப் போட்டேன். சவரத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி அண்ணாந்து வாயைத் திறந்தார். பிரஷ்ஷைப் பல்லில் வைத்து ஸ்விட்சை அமுக்கியதும் அவர் கண்ணை இறுக மூடி, என் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கீழ்வரிசை முடிந்து ஓரத்துக்குப் போனேன். அவர் என் கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

"ரத்தம் வருதாட்டி?"

உதட்டோரம் வழிந்த நுரை சிவந்திருந்தது. துண்டின் நுனியால் அதைத் துடைத்து, துண்டை அவர் பார்வைக்குப் படாமல் மடித்துக்கொண்டேன்.

"இல்ல. வாயைத் தொறங்க" என்றேன்.