சிவப்பு வண்டியின் சத்தம்

லியாகத் அலி பாய் பழைய கார்களை வாங்கி விற்பவர். அவருடைய கொட்டகையில் அன்று காலை இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே வயது. ஒன்று வெள்ளை, அதைப் பாய் சாதா என்றார். இன்னொன்று சிவப்பு. கதவோரம் கருப்புக் கோடு, அகலச் சக்கரம், பின்னால் சின்னதாக ஓர் இறக்கை, தரையை ஒட்டித் தாழ்ந்த உடம்பு. அது ஸ்போர்ட்ஸ். என் வீட்டுக்காரர் பரசுராமன் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். நான் கார்களைப் பார்க்கவில்லை. அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முசரவாக்கத்தில் அவரை வெறுமனே பரசுராமன் என்று யாரும் சொல்வதில்லை. டிரைவர் பரசுராமன் என்றுதான் சொல்வார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் அடுத்தவர் நிலத்தில் நட்டு, அடுத்தவர் நிலத்தில் அறுத்தவர்கள்தான். ஸ்டீயரிங் பிடித்த முதல் ஆள் அவர். லாரி கிளீனராகப் போய்ச் சேர்ந்து, அப்புறம் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளிக்குக் கார் ஓட்டினார். முதலாளி பின் சீட்டில் தூங்கிவிடுவாராம். அந்தத் தூக்கம் கலையாமல் சென்னையில் கொண்டுபோய் நிறுத்துவேன் என்பதுதான் அவருடைய பெருமை. ஊரில் பிரசவ வலி வந்தாலும் சாவு விழுந்தாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

போன வருஷம் முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு பெங்களூர் போய்விட்டார். சொந்தமாக ஒரு பழைய சின்ன கார் வாங்கி, நெசவு செய்பவர்களின் வீடுகளிலிருந்து சேலைக் கட்டுகளை எடுத்துச் சென்னைக் கடைகளில் சேர்க்கலாம் என்று இவர் முடிவு செய்தார். நல்ல யோசனைதான். இடையில் சர்க்கரை வந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள் டீக்கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு வாசலில் வந்து நின்றார். தார் ரோடு கொதிக்கிற நேரம். வலது கால் வெறுங்கால். நான் அங்கே பார்ப்பதைப் பார்த்த பிறகுதான் அவரே குனிந்து பார்த்தார்.

“அறுந்துட்ச்சு. கடாசிட்டு வந்தேன்” என்றார்.

சாயங்காலம் கடைக்குப் போகும்போது அந்தச் செருப்பு வழியில் கிடந்தது. அறுந்திருக்கவில்லை. எடுத்து வந்து அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து லேஸ் கட்டுகிற ஷூ போட ஆரம்பித்தார். டாக்டரிடம் போய் வாருங்கள் என்றதற்குப் போனார். கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். காலைக் காட்டவில்லை.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆண்கள் பேசுகிற இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. ‘இவருக்குக் கால் மரத்துப் போயிருக்கிறது, வண்டி கொடுக்காதீர்கள்’ என்று பாயிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் ‘டிரைவர்’ போய்விடும், வெறும் பரசுராமன்தான் மிச்சம். சொல்லாவிட்டால் ரோட்டில் எவளாவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள்.

“பரசு, நான் சொல்றத கேளு” என்றார் பாய். “உன் வேலைக்கு வெள்ளதான். டிக்கி காலியா இருக்குது, மைலேஜ் குடுக்கும், ஸ்பேர் எங்க வேணா கிடைக்கும். செவப்பு ஏனாத்தூர்ல காலேஜ் பையன் வெச்சிருந்தது. டிக்கி பூரா ஸ்பீக்கர் பொட்டி. பொடவய எங்க வெப்ப, தலமேலயா?”

“ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன் பாய்.”

“ஓட்டு. தங்கச்சியயும் ஏத்திக்கினு போ. அப்பதான் ஒழுங்கா ஓட்டுவ.”

முதலில் வெள்ளையை எடுத்தார். கொட்டகை வாசலிலேயே அது ஒருமுறை நின்றுபோனது. இத்தனை வருஷத்தில் அவர் கையில் வண்டி அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மறுபடி எடுத்தார். குதித்துக் கிளம்பியது. ரோட்டைப் பார்க்க வேண்டியவர் முன்னால் வேகம் காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஒரு சுற்று முடிந்து இறங்கும்போது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“செத்த வண்டி பாய். ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது” என்றார்.

“வண்டி இன்னாப்பா சொல்லணும்? ஸலாம் சொல்லணுமா?” என்று பாய் சிரித்தார்.

சிவப்பில் ஏறுவதற்கு நான் குனிந்து, மடங்கி, உள்ளே விழ வேண்டியிருந்தது. அவர் சாவியைத் திருப்பியதும் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. பின்னால் இருக்கிற புகைக் குழாயை அந்தக் காலேஜ் பையன் மாற்றியிருந்தானாம். பாய் காதைப் பொத்திக்கொண்டார். இவருடைய தோள் மட்டும் தளர்ந்து இறங்கியது. கண்ணாடியை இறக்கச் சொன்னார். முசரவாக்கம் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. முள்ளை அவர் பார்க்கவே இல்லை. தலையை ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். சத்தம் உயர்ந்தால் காலைத் தளர்த்தினார், தாழ்ந்தால் அழுத்தினார்.

நான் வீட்டில் பட்டு நூல் சுற்றுகிறவள். நூற்கண்டு நிறைந்துவிட்டதா என்று ராட்டையின் சத்தமே சொல்லிவிடும். கண் அடுப்பின் மேல் இருக்கும். அதனால் எனக்கு உடனே புரிந்தது. கால் சொல்லாததை இந்த வண்டி அவர் காதுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊரே இவர் வயசுக்கு ஆகாத வண்டிக்கு ஆசைப்பட்டார் என்று சிரிக்கும். அவர் ஆசைப்படவில்லை. வேறு வழியில்லாமல் இதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்.

கொஞ்ச தூரம் எனக்கே நிம்மதியாக இருந்தது. ஒரு ஸ்பீட் பிரேக்கர் வந்தது. கியரைக் குறைத்து, சத்தத்தைக் குறைத்து அதைக் கடந்தார். அடுத்ததையும் அப்படியே. பிரேக்கில் அவர் கால் வைக்கவே இல்லை. அதைக் கவனித்த பிறகு என் வலது கை தானாகப் போய், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கைப்பிரேக்கின் மேல் உட்கார்ந்தது. அதை இழுத்தால் வண்டி நிற்கும் என்பது மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் தெரியும்.

“அங்க இன்னாத்துக்குக் கைய வெச்சிக்கினு இருக்க?” என்றார்.

“சும்மாதாங்க.”

“எடு.”

எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டேன். அவர் ரோட்டைப் பார்க்கத் திரும்பியதும் மறுபடி வைத்தேன்.

“இத்தினி வருஷமா பக்கத்துல குந்திக்கினு வர. ஒருநாளாவது அதத் தொட்டியா, செல்லி?”

“இல்ல.”

அவர் கியரை மாற்றினார். பாயின் கொட்டகைக்குக் குறுக்கு வழியாகத் திரும்பி, தறிக்காரர்கள் இருக்கும் ஒரு தெருவுக்குள் நுழைந்தார். வளைவைத் தாண்டியதும் எதிரில் பாவு விரித்திருந்தார்கள். மரக்கால்களின் மேல் மாம்பழ நிறப் பட்டிழைகள் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தன. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நேராக இந்த முனையில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, குடத்திலிருந்து கஞ்சித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் எங்கோ கோயில் பாட்டு. அவளுக்கு வண்டிச் சத்தம் உறைக்கவில்லை போலிருக்கிறது.

அவர் காலை எடுத்தார். சத்தம் தாழ்ந்தது. கால் இடது பக்கம் நகர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஷூவின் பாதி பிரேக்கின் மேலும் பாதி ஆக்ஸிலேட்டரின் மேலும் இருந்தது. அவர் முகத்தில், பிரேக்கைத்தான் மிதிக்கிறோம் என்ற தெளிவு இருந்தது. மிதித்தார்.

வண்டி அலறியது. அந்தப் பெண் திரும்பினாள். நான் இரண்டு கையாலும் இழுத்தேன். அதே நேரம் அவர் காலைத் தூக்கிவிட்டார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அணைந்தது. அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் அந்தக் கஞ்சிக் குடம் மட்டும்தான் இருந்தது.

பாவுக்குச் சொந்தக்காரர் கோதண்டபாணி நிதானமாக நடந்து வந்து ஜன்னலில் குனிந்தார். அவருக்கு இவரை நன்றாகத் தெரியும்.

“இன்னா டிரைவரே, பாவ அறுக்கவா வந்த? சொல்லியிருந்தா கத்திரி குடுத்திருப்பனே.”

“புது வண்டி, கோதண்டம். பிரேக் இன்னும் பிடிபடல.”

“இதுவா புதுசு? எங்க வீட்டு மருமக வரச்சயே இது ஓடிக்கினு இருந்துதே.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தண்ணீர் அவள் சேலையில் சிந்திக்கொண்டிருந்தது.

எல்லாரும் நகர்ந்த பிறகு இவர் என் பக்கம் திரும்பாமலே பேசினார். “பாத்தியா, சத்தம் ஏறன ஒடனே காலத் தூக்கிட்டேன். வெள்ளயா இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது. எனக்கு இந்த வண்டிதான் சரி.”

அவர் சொன்னது பொய்யில்லை. என் கை இன்னும் கைப்பிரேக்கைப் பிடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“ஆக்ஸிலேட்டரு சத்தம் போடுதுங்க. பிரேக்கு சத்தம் போடாதுங்களே.”

தெருவில் மறுபடி இழையைச் சரிபார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

“செருப்ப எடுத்தாந்து வெச்சனே, அன்னிலேர்ந்து.”

“அப்ப ஏன் வாயத் தொறக்கல?”

“நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்.”

சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் போனை எடுத்தார். “பாய், வெள்ள வண்டியில ஜுனைத்தயும் ஏத்திக்கினு கோதண்டம் வீட்டாண்ட வாங்க. வண்டிக்கு ஒண்ணும் ஆவல. என்னால ஓட்ட முடியல.” கடைசி மூன்று வார்த்தைகளை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை.

பாயும், கொட்டகையில் வேலை செய்யும் ஜுனைத்தும் வந்தார்கள். ஜுனைத் சிவப்பை எடுத்துக்கொண்டு போனான். வளைவு திரும்பி, சத்தம் முழுவதும் அடங்கும் வரைக்கும் இவர் அந்தப் பக்கமே காது கொடுத்து நின்றார். பிறகு வெள்ளை வண்டியின் முன் கதவைப் பாய் திறந்துவிட, அதை விட்டுவிட்டுப் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். நான் மறுபக்கம் ஏறினேன்.

பின் சீட்டில் எப்படி உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. கைகளை முழங்காலில் வைத்தார், எடுத்தார், முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் கீழே விரித்திருந்த கால்மிதியை அழுத்தியது. அழுத்துவது அவருக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

“அப்ப செவப்பா, வெள்ளயா?” என்றார் பாய், முன்னால் இருந்த கண்ணாடியில் பார்த்தபடி.

“வெள்ளயே நிறுத்தி வைங்க பாய். ஓட்டறது யாருன்னு வீட்ல பேசிட்டு சொல்றேன்” என்றார் இவர். கொஞ்ச தூரம் போன பிறகு, “போற வழியில ஆஸ்பத்திரியாண்ட எறக்கி வுடுங்க. காலக் காட்டணும்” என்றார்.

பாயின் கண்கள் கண்ணாடியில் என்னைத் தேடின. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.