அரை நிமிஷம் பின்னால் வந்த முகம்

குத்தாலம் இளையபெருமாள் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எல்லாவற்றையும் லைவ் விடுகிறவர். கேமராக்காரன் முதுகைப் பார்த்துவிட்டே பந்திக்குப் போகிற ஊரில், இவர் யாரையும் மறைக்க மாட்டார், எதற்கும் குறுக்கே போக மாட்டார். அதனாலேயே சாவு வீட்டுக்காரர்களும் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

அன்று காவிரிக்கரைச் சுடுகாட்டில் ரிட்டயர்டு வாத்தியார் அனந்தநாராயணன் தகனம். ஒரே மகன் ஹரி அமெரிக்காவில். விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் திரும்பி வரவில்லை. சித்தப்பாதான் கொள்ளி வைக்க நின்றார். ஹரி போனில் இளையபெருமாள் காதிலேயே இருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணா, முகத்த மூடறதுக்கு முன்னாடி அப்பாவ நல்லா ஒரு தடவ பாக்கணும். நான் சொன்னப்பறம் மூடச் சொல்லுங்க."

"நான் பாத்துக்கறேன் தம்பி."

அங்கே சிக்னல் நோஞ்சான். வீடியோ கால் நிற்காது. சேர்த்துச் சேர்த்து அனுப்புகிற லைவ்தான் தாங்கும். ஆனால் போனில் குரல் உடனே வரும், லைவ் படம் அரை நிமிஷம் பிந்தித்தான் போய்ச் சேரும். கல்யாணத்தில் அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இங்கே அந்த நினைப்பே மனிதருக்கு வரவில்லை.

"பாக்கறவங்க பாத்துக்குங்க" என்றார் சுடுகாட்டு ஆள். இளையபெருமாள் முகத்துக்கு ஜூம் போனார். காதில் சத்தமே இல்லை. ஹரி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தார். சித்தப்பா தலையாட்ட, முகத்தின் மேல் வரட்டி ஏறியது.

அப்புறம்தான் குரல் வந்தது. "தெரியறார்ண்ணா... மூடாதீங்க. கொஞ்சம் இருங்க."

படம் பிந்திப் போவது இளையபெருமாளுக்கு அப்போதுதான் உறைத்தது. பொய் சொல்லவும் வழியில்லை. இன்னும் சில நொடியில் மூடியது அங்கேயும் தெரிந்துவிடும். எதிரே சித்தப்பா கொள்ளியை வாங்கிவிட்டார்.

கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு ஓடினார். "சார், நிறுத்துங்க! புள்ள இன்னும் பாக்கல!" வரட்டியைத் தன் கையாலேயே எடுத்தார்.

"மூடினதத் திறக்கறதாவது! யாருய்யா நீ?" என்று சீறினார் சித்தப்பா.

"அப்பறமா திட்டுங்க சார். அரை நிமிஷம் பொறுங்க."

காதில் அலறல். "அண்ணா, சொன்னேனே! மூடிட்டாங்களே!"

"தொறந்துட்டேன் தம்பி. தப்பு என்னுது. கண்ண எடுக்காதீங்க, வந்துரும்."

சித்தப்பா கையில் கொள்ளி எரிந்துகொண்டிருந்தது. லைவ் அறுந்துபோனால் இந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

"அப்பா" என்றான் ஹரி. அழுதான். அப்பாவோடு ஏதோ பேசினான். சித்தப்பா கொள்ளியைத் தாழ்த்திக்கொண்டார்.

"போதும்ண்ணா. நீங்களே மூடிடுங்க."

இளையபெருமாள் மூடினார். ஹரியின் திரையில் மட்டும் அப்பா முகம் இன்னும் அரை நிமிஷம் இருந்தது.