பூட்ஸைக் கழற்ற ஒரு பொத்தான்

போன வாரம் புலாவ் செபாங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு கேம் கண்ட்ரோலர் கிடைத்தது. அந்துருண்டை வாசம் ஏறியிருந்தது. வயரை ஒழுங்காகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். பட்டுப்புடவையோடு வைத்துக் காப்பாற்றும் அளவுக்கு அது உயர்ந்த சரக்கு இல்லை. மலாக்காவில் ஒரு கடையில் வாங்கிய போலி. இடது குமிழைத் தள்ளினால் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்பி வரும்.

"இதை ஏம்மா இங்க வச்சிருக்கீங்க?" என்றேன்.

"ஒங்கப்பா கையால பிடிச்சது லா அது" என்றார் அம்மா.

நான் பல்கலைக்கழகத்தில் படித்தது கணினி விளையாட்டு வடிவமைப்பு. சிரிக்காதீர்கள், கல்யாண வீடுகளில் எல்லாரும் போதுமான அளவு சிரித்து முடித்துவிட்டார்கள். "என்னா படிக்கிற?" என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி, அடுத்த கேள்வி வருவதற்குள் பாயசம் எடுத்துவரப் போய்விடுவேன். பாயசத்தின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் என்று இன்னும் நம்புகிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை, முதல் பருவத்தில் கணினியைத் தொடவே விடவில்லை. எங்கள் விரிவுரையாளர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். தாள், பகடை, சட்டைப் பொத்தான்கள், அவ்வளவுதான் எங்கள் ஆய்வுக்கூடம். ஒரு விளையாட்டுக்கு எதெல்லாம் வேண்டும்? போய்ச் சேர ஓர் இலக்கு, மீறக்கூடாத விதி, வழியில் ஒரு தடை, செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிவிக்கும் ஒரு பதில். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு வாரம் ஒரு விளையாட்டு செய்து காட்ட வேண்டும். நான் விடுமுறையில் வீட்டுத் தரையில் கட்டம் போட்டுப் பகடை உருட்டிக்கொண்டிருந்தபோது, புக்கிட் ரம்பாயிலிருந்து அத்தை வந்து நின்றார். அப்பாவுக்கு அக்கா. எங்கள் குடும்பத்தில் எந்த முடிவும் அவரைத் தாண்டிப் போனதில்லை.

"தாயம் ஆடவா தம்பி, இவள மலாக்கா வரைக்கும் அனுப்பி வச்சிருக்க?" என்றார் அப்பாவிடம். அப்பா சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

அடுத்த விடுமுறைக்கு நான் வீடு திரும்பியபோது அப்பாவுக்கு வேலை போயிருந்தது. பத்து பெரண்டாமில் ஒரு மின்சாரப் பொருள் தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த நீலச் சட்டைதான். கம்பெனி ஒரு பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றியது, அந்தப் பிரிவில் அப்பா இருந்தார். ஆனால் அவருக்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு. கடைசி மாதங்களில் அவருடைய மிஷினில் பழுதான சாமான்கள் அதிகமாம். அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. காலையில் ஃபேக்டரி பஸ் எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் ஹார்ன் அடிக்கும்போது, குடித்துக்கொண்டிருக்கும் தேத்தண்ணியைக் கீழே வைத்து எழுந்துவிடுவார். பிறகு உட்காருவார். அம்மாவும் நானும் பார்க்காத மாதிரி இருப்போம். அந்த ஹார்ன் சத்தத்தை நான் வெறுத்தேன்.

அத்தை மறுபடி வந்தார். இந்த முறை கிண்டல் இல்லை. புக்கிட் ரம்பாயில் அவருக்குத் தெரிந்த தொழிற்சாலையில், ஆபீஸ் வேலைக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். "வெளாட்டுப் படிப்பெல்லாம் போதும் தம்பி. லீவு முடியறதுக்குள்ள ஒரு பதில் சொல்லு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று நினைத்தவர். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் படிப்பு அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. நானாக வாயைத் திறந்து கேட்கவும் பயம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான்.

அந்த விடுமுறைக்கு மேடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். நாங்கள் கணினியில் செய்த முதல் விளையாட்டை, கண்ட்ரோலரையே தொட்டிராத ஒருவரிடம் கொடுத்து ஆடச் சொல்ல வேண்டும். செய்தவர் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. இப்படிப் போங்கள், அதை அழுத்துங்கள் என்று ஒரு சொல் வந்தாலும் சோதனை செல்லாது. "யூ வோன்ட் பி சிட்டிங் பிஹைண்ட் எவ்ரி பிளேயர்" என்பார் மேடம், ஆடுகிற எல்லார் பின்னாலும் நீங்கள் உட்கார்ந்திருக்க முடியாது என்று. ஆடுபவர் தடுமாறினால் தப்பு ஆடுபவர் மேல் இல்லை, செய்தவர் மேல்தான் என்பது அவருடைய பாடத்தில் முதல் பக்கம்.

என் விளையாட்டு சின்னது. எங்கள் ஊரில் உள்ளதைப் போலவே, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு முனீஸ்வரன் கோயில். அங்கே விளக்கு மங்கிக்கொண்டே வரும். அது அணைவதற்குள் ஒரு பெண் எண்ணெய்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். வழியில் கால்வாய், துரத்தும் வாத்து, செம்பனைக் குலை ஏற்றிய லோரி. அந்தப் பெண் உருவத்தை நான் செய்யவில்லை, இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. ஏதோ வெள்ளைக்கார நாட்டுச் சண்டைக்காரி. கத்தியைப் பிடுங்கிவிட்டுப் பாவாடை சட்டை மாட்டினேன். முழங்கால் வரை பூட்ஸ் இருந்தது. பாவாடை பாதி மறைக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் கண்ட்ரோலரைக் கொடுத்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். "எப்புடிப் பிடிக்கணும்?" என்று மட்டும் கேட்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கால்வாயில் விழுந்து எழுந்தார். வாத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார். லோரிக்கு முன்னால் பாய்ந்து கடந்தால் கூடுதல் புள்ளி என்று வைத்திருந்தேன். அப்பா அந்தப் பெண்ணை ஓரமாக நிறுத்தி, லோரி முழுசாகப் போன பிறகு இரண்டு பக்கமும் பார்க்க வைத்து நடத்திப் போனார். கோயில் வந்தது. வாசலில் நிறுத்தினார். அப்படியே நிறுத்திவிட்டார்.

உள்ளே போகக் குமிழை ஒரு தள்ளு தள்ளினால் போதும். அப்பா ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். பெண் குதித்தாள், குனிந்தாள், செம்பை ஆட்டினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்து, நான் ஆசை ஆசையாகச் சிவப்பில் எழுதி வைத்திருந்த 'கேம் ஓவர்' திரை முழுக்க வந்தது. அப்பா மறுபடியும் முதலிலிருந்து வந்தார். மறுபடியும் அதே வாசல், அதே நிற்றல்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவுக்கு எந்த விதியும் கிடையாது. "உள்ளதான் போங்களேன்!"

"எப்புடிப் போறது? சப்பாத்து போட்டிருக்குல்ல புள்ள. கழட்டத்தான் தேடுறேன், பட்டன் எதுன்னு தெரில."

சிவப்பு எழுத்து மறுபடியும் வந்தது. அப்பா கண்ட்ரோலரை மேசைமேல் மெதுவாக வைத்தார். "தோத்துட்டேன் பாப்பா. எனக்கு இதுவும் வரல."

அந்த 'இதுவும்' என்னைக் குத்தியது. மேடமாவது மதிப்பெண்ணாவது என்று வாயைத் திறந்துவிட்டேன். "நீங்க தோக்கலப்பா. கழட்ட பட்டனே வைக்கல நான். தப்பு என்னோடது. ஆடறவங்களால முடியலன்னா செஞ்சவங்கதான் தப்பு. எங்க கிளாஸ்ல மொத பாடமே அதான்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க லைன்ல மிஷின் கெட்டாலும் ஆபரேட்டர் பேரத்தான் எழுதுவாங்க" என்றார். பிறகு, "நெசமாவே அப்படியா சொல்லித் தராங்க?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"அப்ப படி. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

எழுந்து வெளியே போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. என்னுடையது கலங்கியிருந்தது.

பூட்ஸைக் கழற்றலாம் என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அதற்குள் காலே இல்லை. இலவச உருவம் அல்லவா, வெளியே தெரியாத எதையும் அவர்கள் செய்வதில்லை. பாதம் செய்யத் தெரியாத நான், தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கால்களை எதிரே வைத்துக்கொண்டு செய்தேன். வருஷக்கணக்காகப் பாதுகாப்புச் சப்பாத்துக்குள் கிடந்து வெளுத்த பாதம். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் ஒடுங்கிப் போயிருக்கும். அப்படியே செய்தேன். மேடம் நல்ல மதிப்பெண் கொடுத்து, கீழே ஒரு குறிப்பும் எழுதினார்: பெண்ணுக்குப் பாதம் மிகப் பெரியது.

திருத்திய விளையாட்டை அப்பா ஆடவில்லை. நான் முடிப்பதற்குள் அவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார், ஒரு கிடங்கில் காவல் வேலைக்கு. நான் படிப்பதற்காகத்தான் போனார். வீட்டில் யாரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு வந்தால் தூங்குவதற்கே நேரம் போதாது. "சரி பண்ணிட்டேன்ப்பா, ஆடிப் பாக்குறீங்களா?" என்றால், "அடுத்த வாட்டி பாக்கலாம் பாப்பா" என்பார். அடுத்த முறைகள் நிறைய வந்தன. பிறகு நெஞ்சுவலி வந்தது, சிங்கப்பூரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது கோலாலம்பூரில் கைப்பேசி விளையாட்டுகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். ஆடுபவர் பின்னால் யாரும் உட்காருவதில்லை. எத்தனை பேர் எந்த இடத்தில் விட்டுப் போனார்கள் என்று வரைபடம் காட்டிவிடும். கோடு விழும் இடத்தில் ஓர் அம்புக்குறி போடச் சொல்வார்கள், போடுவோம். அந்த இடத்தில் யார், எதற்காக நின்றார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அந்த முனீஸ்வரன் கோயிலையும் சாலைக்காகப் பெயர்த்து எங்கோ வைத்துவிட்டார்கள். தாமான் முனையில் ஹார்ன் அடிக்கும் பஸ்ஸும் இப்போது வருவதில்லை.

கண்ட்ரோலரைத் துடைத்து எடுத்துவந்து, பழைய கோப்பைத் தேடிப் பிடித்தேன். கோப்பு பத்திரமாக இருக்கிறது. ஆனால் இன்றைய மென்பொருள் அதைத் திறக்க மறுக்கிறது, மிகப் பழைய பதிப்பாம். அதற்குள் ஒரு கோயில் வாசல் இருக்கிறது, படியோரம் கழற்றிவைத்த ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கிறது, எண்ணெய்ச் செம்போடு உள்ளே போகிற ஒரு பெண்ணுக்கு என் அப்பாவின் கால்கள் இருக்கின்றன. அந்தச் சுண்டுவிரலைப் பார்க்க எனக்கு வேறு இடமில்லை.