பொட்டு வைத்த மருந்துக் குப்பி

எங்கள் லேப்பில் புரதங்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி மிஷின் இருக்கிறது. அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஆன்டிபாடி என்ற புரதம் சுத்தமானதாகக் கொஞ்சம் வேண்டும். அதற்கென்றே விற்பதை வாங்க எங்கள் பட்ஜெட் தாங்காது.

அதனால் இன்று பாச்சாங்கில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் போய் நின்றேன். பொறுப்பில் இருக்கும் வசந்தி அக்கா, மேலிடத்து அனுமதியோடு ஒரு புற்றுநோய் மருந்துக் குப்பியைக் கொடுத்தார். அதுவும் ஆன்டிபாடிதான்.

"டேட் முடிஞ்சிருச்சு தம்பி, ஆளுக்குப் போட முடியாது. உங்க மிஷினுக்குப் போதும் லா."

"யாருக்கு வாங்கினதுக்கா?"

"ஒரு ஆன்ட்டிக்கு. இனிமே அவங்களுக்கு வேணாம்."

நான் தலை குனிந்தேன்.

"ஐயோ, நல்லாயிட்டாங்க லா! நேத்து உம்பாய் கடற்கரையில இக்கான் பக்கார் சாப்பிடுற போட்டோ அனுப்பியிருக்காங்க."

மாலையில் ஒரு துளியை மிஷினில் ஓட்டினோம். திரையில் ஒரே ஒரு கோடு, கோபுரம் மாதிரி எழுந்து இறங்கியது; அவ்வளவு சுத்தம். ஒரு மனுஷியைச் சுட்ட மீன் கடைக்குத் திருப்பி அனுப்பியது இந்த மருந்துதான்.

ஆயுத பூஜைக்கு மிஷினில் வைத்த பொட்டு இன்னும் இருக்கிறது. குப்பிக்கும் ஒன்று வைத்துவிட்டேன்.

எங்கள் சீன பாஸ், அது என்ன லேபிள் என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?